ஆனியில் அடியெடுத்தல்

ஆனி அடியெடாதே, கூனி குடிபோகாதே என்று பெரியோர் வகுத்துவைத்த விதியை ஊரிலிருந்த காலத்தில் மீறத் துணியாத தமிழ்க் குடும்பங்கள், சமுத்திரங் கடந்து கனடா தேசத்தின் கெபெக் மாகாணத்தில் குடியேறிய பின்னர், அதே ஆனி மாதத்தின் நடுப்பகுதியில், ஜூலை முதலாம் திகதியன்று, சட்டிபானையும் சாமிப்படமும் சகிதமாக வீடு மாறும் காட்சியை மொன்றியல் மாநகரிலும் அதன் எதிர்க்கரையிலுள்ள லொங்குய் நகரத்திலும் காணலாம். தேசம் முழுவதும் கனடா தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்க, இம்மாகாணத்தார் அன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டிகளையும் அடுப்புகளையும் மெத்தைகளையும், வீட்டின் வெளிப்புறத்தே வளைந்திறங்கும் இரும்புப் படிக்கட்டுகளின் வழியாக இறக்கி லொறிகளில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30-ஆம் திகதியோடு முடிவதால், பல்லாயிரம் குடும்பங்களில் ஒன்று விட்டுப்போன வீட்டில் மற்றொன்று அதே நாளிற் புக நேர்கிறது. நல்ல நேரம் பார்க்க இதில் இடமேது? பழைய குடித்தனக்காரர் இசைந்தால், ராகுகாலம் தவிர்த்து முன்கூட்டியே ஒரு குத்துவிளக்கையும் உப்பையும் மஞ்சளையும் புது வீட்டின் மூலையில் வைத்துவிட்டு வருவதும், ஜூலை முதலாம் திகதி மாலையில் களைத்த கையோடு பால் காய்ச்சுவதும் எம்மவர் கண்டுகொண்ட சமரசம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றும் இவ்வழக்கம், யுத்தமும் ஆட்சிமாற்றமும் பஞ்சமும் விலையேற்றமும் மாறிமாறி வந்த ஒரு தேசத்தில், தலைக்கு மேலுள்ள கூரைக்குத் தான் சொந்தக்காரனல்லாதவன் எவ்வாறு பிழைத்தான் என்னும் நீண்ட சரித்திரத்தின் எச்சமாகும். அந்தச் சரித்திரத்தை லொங்குய்யில் நின்று பார்ப்பது பொருத்தம். ஏனெனில், மொன்றியலின் ஆரவாரத்துக்கு அப்பால், சென் லோறன்ஸ் நதியின் தென்கரையில் அடங்கிக் கிடப்பதுபோல் தோன்றும் இந்நகரத்து மண்ணைத் தொடாமற் சென்ற அரசியற் கொந்தளிப்பு கெபெக்கில் அரிது.

நகரத்தின் மூலபுருஷனே பிறதேசம் வந்து பிழைத்தவன்தான். பிரான்ஸ் தேசத்தின் தியெப் துறைமுகத்தில் சத்திரம் நடத்திய ஒருவரின் மகனான ஷார்ல் லு முவான், 1641-ஆம் ஆண்டில் 15 வயதுச் சிறுவனாக, புதிய பிரான்ஸ் எனப்பட்ட இந்தப் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு வந்து, யேசு சபைப் பாதிரிமாரின் ஊழியனாக ஹியூரோன் மக்களிடையே வாழ்ந்து, அவர்களுடைய பாஷையைக் கற்று, பின்னர் மொன்றியலில் துபாஷியாகவும் வணிகனாகவும் உயர்ந்தான். 1657-இல் தென்கரையில் அவனுக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது. 1668-இல் பதினான்காம் லூயி மன்னன் அவனுக்குப் பிரபுப் பட்டமளித்தான். 1700-இல் அவனுடைய மூத்த மகன் லொங்குய்யின் பாரன் ஆனான். மற்றொரு மகனான பியென்வில் தெற்கே சென்று 1718-இல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை ஸ்தாபித்தான். பிறர் பாஷையைக் கற்ற பரதேசிச் சிறுவனிடமிருந்து ஒரு பிரபுவம்சமே கிளைத்த கதை இது. ஆயினும் அந்தப் பிரபுவின் நிலத்தை உழுத குடியானவர்கள் யாவரும் ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் திகதியான புனித மார்ட்டின் திருநாளையொட்டிப் பணமாகவும் கோழியாகவும் தானியமாகவும் வரி செலுத்தக் கடமைப்பட்டவர்களாகவே இருந்தார்கள் என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும். அந்த முறை 1854 வரை சட்டத்தில் இருந்தது.

குடியிருப்பவனை எந்த மாதத்தில் வெளியேற்றலாம் என்ற வினா இத்தேசத்தில் உயிர்ப்பிரச்சினை. தை மாசி மாதங்களில் நதியே உறைந்து பாறையாகிவிடும் சீதோஷ்ணத்தில், வீட்டை விட்டுத் துரத்தப்படுவது மரண தண்டனைக்கு ஒப்பானது. ஆகவே, பனி உருகும் காலத்துக்கு முன் குடித்தனக்காரரை எழுப்பலாகாதென்ற நியாயத்தை ஒட்டி, 1750-ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போது இக்குடியேற்றத்தின் நிர்வாகியாக இருந்த பிரான்சுவா பிகோ என்பவர் வீடு மாறுவதற்குரிய நாளாக மே மாதம் முதலாம் திகதியை நிர்ணயித்து ஒரு கட்டளை பிறப்பித்தார். இந்தப் பிகோ யார் என்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ராஜாங்கக் களஞ்சியத்துத் தானியத்தையே தம் கூட்டாளிகள் மூலம் வாங்கி விற்றுக் கொள்ளை லாபம் கண்டவர். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்தில் விசாரிக்கப்பட்டு, 1763-இல் நாடு கடத்தப்பட்டவர். அவர் சேர்த்த திரவியம் போயிற்று. அவர் காத்த கொடி இறங்கிற்று. அவர் கையெழுத்திட்ட ஒரு சாதாரணக் கட்டளையின் நிழல் மாத்திரம் இருநூற்றெழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. நல்லவன் இயற்றினான் என்பதற்காக ஒரு விதி நிலைப்பதில்லை. எளியவனுக்குப் பயன்பட்டால் அதை இயற்றியவன் யாராயினும் ஜனங்கள் அதை விடுவதில்லை.

பிகோவின் காலத்திலேயே விலைவாசியின் கொடுமையையும் இவ்வூர் கண்டது. நாணயத் தட்டுப்பாட்டினால் 1685 முதலே விளையாட்டுச் சீட்டுகளின் பின்புறத்தில் தொகை எழுதிக் கையொப்பமிட்டுப் பணமாக வழங்கும் விநோத முறை இங்கே தோன்றியிருந்தது. ஏழாண்டுப் போரின்போது காகிதப் பணம் பெருகப் பெருக, பண்டங்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று, விளைச்சலும் பொய்த்தது, ஆங்கிலேயக் கப்பல்கள் கடல்வழியை மறித்தன. 1757-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரொட்டியின் அளவு குறைக்கப்பட்டு, மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் குதிரையிறைச்சி வழங்கப்பட்டபோது, மொன்றியல் மாதர் கூட்டமாகத் திரண்டு கவர்னர் வோத்ரோயின் வாசலில் நின்று அதை வாங்க மறுத்தனர். 1760 செப்டம்பர் 8-ஆம் திகதி மொன்றியல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கையில் காகிதப் பணத்தை வைத்திருந்தவர்கள் பிரெஞ்சு அரசிடமிருந்து அதன் பெறுமதியில் ஒரு பங்கையே பின்னர் பெற்றார்கள். கொடி மாறினால் கைக்காசு காகிதமாகும் என்ற பாடத்தை இந்நதிக்கரை அன்றே படித்தது.

அதன்பின் 1775-இல் அமெரிக்கப் புரட்சிப்படை லொங்குய்க் கோட்டையில் வந்து தங்கியதும், 1837 நவம்பர் 17-ஆம் திகதி, ஆங்கில ஆட்சியை எதிர்த்ததால் கைவிலங்கோடு மொன்றியலுக்குக் கொண்டுபோகப்பட்ட இரண்டு தேசாபிமானிகளை ஷாம்ப்ளி வீதியில் பொனவெஞ்சூர் விஜேயும் அவர் தோழர்களும் ஆங்கிலக் குதிரைப்படையை எதிர்த்து மீட்டதும், அவ்வருஷத்துக் கிளர்ச்சிக்கு அது முதல் வெடியாக அமைந்ததும் பிரசித்தம். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கோட்டையும் 1810-இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அது நின்ற இடத்தில் இன்று புனித அந்தோனியார் இணைப்பேராலயம் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் லொங்குய் தொழில் நகரமாயிற்று. 1928-இல் பிராட் அன்ட் விட்னி விமான எந்திர நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. 1930-இல் ஜாக் கார்த்தியே பெயரை இப்போது தாங்கி நிற்கும் பெரும்பாலம் திறக்கப்பட்டது. 1967-இல், உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில், நதியின் அடியிற் சுரங்கம் அமைத்து மெற்றோ ரயிலும் வந்து சேர்ந்தது. ஆனால் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வசதி தேடி வந்தவர்களல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மொன்றியலில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், வாடகை கொடுக்க வழியற்ற பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் தென்கரையின் வெட்டவெளியில் தவணை முறையில் துண்டு நிலம் வாங்கி, கிடைத்த பலகையையும் தார்த்தாளையும் கொண்டு தாமே குடிசை கட்டிக்கொண்டன. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் வந்து சேராத அந்தக் குடியிருப்பே 1947-இல் வில் ஜாக் கார்த்தியே என்ற நகரமாகிப் பின் 1969-இல் லொங்குய்யோடு இணைந்தது. எழுத்தாளரும் வைத்தியருமான ஜாக் ஃபெரோன் அவ்வேழைகளிடையே வைத்தியம் பார்த்தார். அங்கே வளர்ந்த பியேர் வலியேர், தம் இனத்தாரின் தாழ்நிலையைச் சீற்றத்தோடு விவரித்த நூலை 1968-இல் வெளியிட்டு கெபெக் விடுதலைத் தீவிரவாதிகளின் சிந்தனையாளராகக் கருதப்பட்டார். வறுமையையும் மொழித்தாழ்வையும் ஒருசேர அனுபவித்த இடத்தில் கோபம் விளைந்தது இயற்கையே.

அக்கோபம் 1970-ஆம் ஆண்டு அக்டோபரில் எல்லை மீறியது. 5-ஆம் திகதி பிரிட்டிஷ் வர்த்தகப் பிரதிநிதி ஜேம்ஸ் குறொஸ் அத்தீவிரவாதிகளால் மொன்றியலிற் கடத்தப்பட்டார். 10-ஆம் திகதி மாகாணத் தொழில் அமைச்சர் பியேர் லப்போர்த், லொங்குய்யை அடுத்த சென்-லம்பேரில் தம் வீட்டின் முன்னிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். 16-ஆம் திகதி யுத்தகால அதிகாரச் சட்டம் பிரகடனமாகி, இராணுவம் தெருவில் இறங்கி, ஏறத்தாழ 500 பேர் பிடியாணையின்றிக் கைதாயினர். மறுநாளிரவு, இன்று லொங்குய் நகரத்தின் பகுதியாகிய சென்-ஹூபேரின் விமான நிலையத்தருகே, ஒரு மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் அமைச்சரின் பிரேதம் கண்டெடுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் இந்நகரம் மற்றொரு போராட்டத்தின் களமாயிற்று: யுனைற்றட் எயர்கிராஃப்ட் என்று அப்போது பெயர்பெற்றிருந்த மேற்கண்ட விமான எந்திர ஆலையில் 1974 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 20 மாதங்கள் நீடித்தது. எண்ணெய் விலை ஏறிப் பண்டங்களின் விலை தாவிய காலம் அது. கூலி அதைத் துரத்த மாட்டாமல் மூச்சுவாங்கிற்று. அப்போராட்டத்தின் விளைவுகளில் ஒன்றாக, வேலைநிறுத்தக் காலத்தில் மாற்றாட்களை வைத்து ஆலை நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 1977-இல் கெபெக்கில் நிறைவேறியது.

அவ்வருஷங்களின் நிகழ்ச்சிகளை நம் தேசமான இலங்கையின் நிகழ்ச்சிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தமிழன் திகைப்பான். 1976 மே 14-ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் திகதி, கெபெக்கின் சுதந்திரத்தைக் கோரிய பார்ட்டி கெபெக்குவா மாகாண ஆட்சியைக் கைப்பற்றியது. லொங்குய்யின் தையோன் தொகுதியில் வென்ற ரெனே லெவெக் முதலமைச்சரானார். 1977 ஆகஸ்டில் பிரெஞ்சு மொழியை அரசாங்கத்துக்கும் தொழிலுக்கும் பள்ளிக்கும் உரிய மொழியாக்கிய 101-ஆம் சட்டம் கெபெக்கில் நிறைவேறியது. அதே ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்மீது இனக்கலவரம் ஏவப்பட்டது. 1980 மே 20-ஆம் திகதி கெபெக் மக்கள் சர்வஜன வாக்கெடுப்பில் வாக்களித்து, நூற்றுக்கு அறுபதின்மர் அளவில் பிரிவினையை மறுத்தனர். 1983 ஆகஸ்டில் இலங்கையில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தனிநாடு என்று பேசுவதையே குற்றமாக்கியது. இரண்டு தேசங்களின் நோயும் ஒரே சாயலுடையது; ஆனால் ஒன்று கேட்கவும் மறுக்கவும் இடம் வைத்தது, மற்றொன்று வாயை அடைத்தது. பின்னதிலிருந்து ஓடியவர்கள் முன்னதில் வந்து ஒதுங்கினார்கள்.

இங்கேதான் சரித்திரத்தின் விசித்திரம் ஒன்று நிகழ்ந்தது. 1970 ஏப்ரலில், மாகாணத் தேர்தலுக்கு மூன்று நாட்களுக்கு முன், பிரிவினைவாதிகள் வென்றுவிடுவார்களென்ற பீதியைப் பரப்பும்படியாக, காவலோடு கூடிய 9 கவசலொறிகள் பத்திரங்களை ஏற்றிக்கொண்டு மொன்றியலிலிருந்து ஒன்ராறியோவுக்குப் புறப்பட்டுச் சென்றதும், 1978 ஜனவரியில் சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் தன் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றுவதாக அறிவித்ததும், மூலதனம் நகரத்தை விட்டு நீங்கியதன் பகிரங்க அடையாளங்கள். 1976-க்கும் 1981-க்கும் இடையில் கெபெக்கை விட்டுச் சென்ற ஆங்கிலம் பேசுவோர், வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர். போனவர்கள் வீடுகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு காலத்தில் கனடாவின் முதல் நகரமாக விளங்கிய மொன்றியலில் வீட்டின் விலையும் வாடகையும் ரொறன்ரோவைவிட வெகு தாழ்வாகத் தங்கிவிட்டதற்கு இந்த வெளியேற்றம் ஒரு முக்கிய காரணம். செல்வந்தரைக் கலங்கடித்த அரசியல், ஏழைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

அக்கலக்கத்தோடு கூடவே சட்டமும் செம்மைப்பட்டது. குழந்தைகள் பள்ளியாண்டின் நடுவில் வீடு மாற நேர்வதைத் தவிர்க்கும் பொருட்டு 1973-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1974 முதல் மே முதலாம் திகதிக்குப் பதிலாக ஜூலை முதலாம் திகதி வீடு மாறும் நாளாயிற்று. 1980-இல் ரெஜி து லொஜ்மான் என்று அப்போது பெயர்பெற்ற வீட்டு வாடகை மன்றம் அமைந்தது. அது அமைந்த காலத்தையும் கவனிக்க வேண்டும்: 1981-இல் கனடாவின் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 12-க்கு மேல் உயர்ந்தது, அவ்வருஷத்து ஆகஸ்டில் மத்திய வங்கியின் வட்டி 20 சதவீதத்தைக் கடந்தது, வீட்டுக் கடனின் வட்டியும் அதனோடு போட்டியிட்டது. அடமானத்துக்கு வீடு வாங்கியவர்களிற் பலர் வீட்டை இழந்த அந்நாளில், வாடகைக்கிருந்தவன் கையில் மன்றத்தை நாடுவதற்கு ஒரு படிவமாவது இருந்தது.

இந்த மொன்றியல் நகரத்துக்குத்தான் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் எம்மவர் வந்தார்கள். கனடா அரசு இலங்கையருக்கென விசேஷ விதிகளை வகுத்தது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிங் என்பவரின் வழக்கில், அகதிக் கோரிக்கையாளரை நேரில் விசாரியாமல் தள்ளலாகாதெனத் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்ட் 11-ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்த 155 தமிழர்களை மீன்பிடிப் படகுக்காரர் கஸ் டோல்ற்றனும் சக மீனவர்களும் மீட்டுக் கரைசேர்த்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேற்றி வந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டிருந்த அவர்கள் சில நாட்களில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் பிரிந்து சென்றார்கள். மிராபெல் விமான நிலையத்திலும் அமெரிக்க எல்லையிலும் வந்திறங்கியவர்களுடைய தொகை இதனினும் பெரிது.

மொன்றியலின் கோட்-தெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் தொடங்கிய அவ்வாழ்க்கையை அணுகிப் பார்த்தால், பெரிய சரித்திரத்தின் சிறிய உருவம் தெரியும். இவ்வூரில் வீட்டை மூன்றரை, நாலரை என்று கணக்கிடுவார்கள். அறைகள் முழு எண்ணாகும், குளியலறை அரையாகும். ஒரு நாலரையில், மனைவி மக்களைப் பின்னர் எடுப்பிக்கக் காத்திருந்த இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்து, வாடகையைத் தலைக்கு இவ்வளவென்று பங்கிட்டு, உணவகங்களிற் கோப்பை கழுவியும் தையலாலைகளில் நூல் வெட்டியும் சம்பாதித்ததில், தம்மைக் கொண்டுவந்த ஏஜென்சியின் கடனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று எனக் கூறுபோட்டு, மிச்சத்தில் உண்டார்கள். முன்பணமாகப் பல மாத வாடகை கேட்பதை இம்மாகாணச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் மாத வாடகை மாத்திரம் கையிலிருந்தால் கதவு திறக்கும். மூட்டையும் அகதிக் கேஸ் காகிதமும் தவிர வேறொன்றுமில்லாமல் வந்தவனுக்கு அவ்வொரு விதி எத்தனை பெரிய உபகாரம் என்பதைக் கொழும்பிலோ சென்னையிலோ பல மாத முற்பணம் கட்டி வீடெடுத்தவர்கள் உணர்வார்கள்.

காலப்போக்கில் பெரும்பாலோர் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டுமென்ற 101-ஆம் சட்டம் ஒரு காரணம். வேலை வசதி ஒரு காரணம். உறவு உறவை இழுப்பது எல்லாவற்றினும் பெரிய காரணம். நின்றவர்கள் நின்றது பெரும்பாலும் வாடகைக் கணக்கினால். அவர்களிற் சிலர் நதியைக் கடந்து புரோசாரிலும் லொங்குய்யிலும் குடியமர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியிற் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமுமாக வளர்ந்தார்கள்.

1995 அக்டோபர் 30-ஆம் திகதி இரண்டாவது வாக்கெடுப்பு வந்தது. வாக்காளரில் 93 சதவீதத்தினருக்கு மேல் வாக்களித்தனர். இல்லை என்றவர் 50.58 சதவீதம், ஆம் என்றவர் 49.42 சதவீதம்; வித்தியாசம் ஏறக்குறைய 54,000 வாக்குகள். அன்றிரவு முதலமைச்சர் ஜாக் பாரிசோ தோல்விக்குப் பணத்தையும் வேற்றினத்தாரின் வாக்குகளையும் காரணமாகக் கூறியபோது, அதற்குள் குடியுரிமை பெற்றிருந்த தமிழரும் அவ்வேற்றினத்தாரில் அடங்கினர். சுயநிர்ணயம் என்ற சொல்லுக்காக ஊரில் உயிரையும் கொடுத்த ஒரு சமூகம், மற்றொரு ஜனத்தின் சுயநிர்ணயக் கோரிக்கைக்குத் தடையென்று சுட்டப்பட்ட சங்கடம் அது. எனினும் மறுநாள் காலையில் ஒரு கடையும் எரியவில்லை. பாரிசோ பதவி விலகுவதாக அறிவித்தார். பேருந்து நேரத்துக்கு வந்தது. கோப்பை கழுவப் போனவர் கோப்பை கழுவப் போனார். 1983-ஐக் கண்டு வந்தவர்களுக்கு அந்தச் சாதாரணமான செவ்வாய்க்கிழமையே கெபெக் அளித்த பெரிய அரசியற் பாடம்.

கொந்தளிப்பு அடங்கிய பின்னர், கதை திரும்பிற்று. மூலதனம் மீண்டது, ஜனங்கள் பெருகினர், 2001-இல் மொன்றியல் வட்டாரத்திற் காலியாக இருந்த வாடகை வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதி வீடின்றித் தவித்த குடும்பங்களுக்கு நகராட்சி தங்குமிடம் தேட நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டின் கோடையோ சமுத்திரத்தின் இரு கரையையும் ஒரே வேளையிற் சோதித்தது. ஏப்ரல் 12-ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ரூபாயின் பெறுமதி சில வாரங்களில் பாதியை நெருங்கி வீழ்ந்தது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நீண்டது. ஜூலை 9-ஆம் திகதி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குட் புகுந்தார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கனடாவின் விலையேற்றம் 8.1 சதவீதம், 1983 ஜனவரிக்குப் பின் அவ்வளவு உயர்ந்ததில்லை. 2022-இன் தொடக்கத்தில் கால் சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதமாயிற்று. மருந்துக்கும் அரிசிக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு கூடிய அதே மாதங்களில், இங்கே வாடகையும் வீட்டுக்கடனும் மரக்கறியும் கூடின. இரண்டு விலைவாசிகளை ஒரே சம்பளத்திற் சுமப்பதுதான் பிறதேசத்தில் வாழும் எம்மவருடைய தனிவிதி.

இப்போது வாடகையைத் தாழ்த்தி வைத்திருந்த பழைய கலக்கம் இல்லை, எஞ்சியிருப்பது சட்டமொன்றே. அதுவும் தேய்ந்து வருகிறது. தன் ஒப்பந்தத்தைக் குறைந்த வாடகையோடே இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையை, வீட்டுக்காரர் மறுக்க முடியும்படி 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. வாடகை மன்றம் 2025-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அடிப்படை உயர்வு 5.9 சதவீதம், பல பத்தாண்டுகளில் அத்தகைய உயர்வு கண்டதில்லை. ஆயினும் உள்ளதைப் பயன்படுத்தாதவன் இல்லாததை எண்ணி அழுவதில் நியாயமில்லை. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் குடித்தனக்காரர் தம் பாட்டனார் காலந்தொட்டு அறிந்து வைத்திருக்கும் உரிமைகளை, வெட்கத்தினாலோ பாஷை புரியாமையினாலோ, வீட்டுக்காரரின் மனம் கோணுமென்ற அச்சத்தினாலோ எம்மவர் விட்டுக்கொடுப்பதை அடிக்கடி காண்கிறோம்.

ஆகவே லொங்குய்யிலும் மொன்றியலிலும் வாடகைக்கிருக்கும் வாசகர்களுக்கு இக்கட்டுரை சொல்ல விரும்புவது சில வார்த்தைகளே. ஜூன் முடிவில் நிறைவுறும் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஜனவரி முதல் மார்ச் முடிவதற்குள் வாடகை உயர்வு அறிவித்தல் வரும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுமொழி கொடாவிட்டால் நீங்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். உயர்வை மறுத்துவிட்டு வீட்டிலேயே தொடர்ந்து இருக்க உங்களுக்கு உரிமையுண்டு. வாடகையை நிர்ணயிக்கும்படி மன்றத்தை நாட வேண்டியவர் வீட்டுக்காரரே. புது வீடெடுக்கும்போது ஒப்பந்தப் படிவத்தின் 'ஜி' பிரிவைப் பாருங்கள்; முன்பிருந்தவர் கொடுத்த வாடகை அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டி ஐந்தாண்டு ஆகாத கட்டடங்களுக்கு இப்பாதுகாப்புகளிற் சில பொருந்தா என்பதையும் அறிந்து கையொப்பமிடுங்கள். படிவம் பிரெஞ்சில் இருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அந்தப் பள்ளியிற் படித்தது அதற்கும் உதவட்டும்.